வெளிநாடு போகாதவர் இந்தப் பாடத்தை நடத்தலாமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எட். வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வரும் செமஸ்டரில் 'கல்வியின் சர்வதேசமயமாக்கல்' என்ற விருப்பப் பாடத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. படிக்கக் கிடைப்பதெல்லாம் ஐரோப்பாவைப் பற்றிய கட்டுரைகள். மாணவர்களோ, "இதைப் படித்தால் கனடா போகலாமா மேடம்?" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தாராளமாக நடத்தலாம், சகோதரி. பாஸ்போர்ட் இல்லாததை ஒரு குறையாக நினைக்காதீர்கள். உங்கள் முதல் வகுப்பே அதுதான்.

சுவீடனில் மால்மோ பல்கலைக்கழகம் 1998-ல் திறக்கப்பட்டது. புதிய இடம் என்பதால் மாணவர்களை அனுப்பி வைக்க வெளிநாட்டுத் தொடர்புகள் இல்லை. ஆனால் அந்த ஊரில் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. அங்கே பணியாற்றிய பெங்ட் நில்சன், ஊரைவிட்டுப் போகாத மாணவருக்கும் உலகம் கிடைக்க வேண்டும் என்று யோசித்தார். 'உள்ளூரிலேயே சர்வதேசமயமாக்கல்' என்ற கருத்து அப்படித்தான் வளர்ந்தது. நமது 2020 தேசியக் கல்விக் கொள்கையிலும் அந்தச் சொற்றொடர் இருக்கிறது. உங்கள் வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இங்கேயே ஆசிரியர்களாகப் போகிறவர்கள். அவர்களுக்கு இந்தப் பாடத்தால் என்ன பயன் என்பதுதான் செமஸ்டர் முழுக்க நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

வரையறைகளுக்கு ஒரு வகுப்பு போதும். உயர்கல்வியின் நோக்கத்திலும் நடத்தும் முறையிலும் உலகப் பார்வையைச் சேர்ப்பதே சர்வதேசமயமாக்கல் என்று, இத்துறை ஆய்வாளர் ஜேன் நைட் 2003-ல் தந்த வரையறையைப் பலகையில் எழுதுங்கள். பக்கத்திலேயே, 2015-ல் ஹான்ஸ் டி விட் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் அதைத் திருத்தியபோது 'எல்லா மாணவர்களுக்கும்' என்று சேர்த்ததையும் எழுதுங்கள். ஏன் சேர்த்தார்கள் என்று கேட்டுவிட்டுப் பேச விடுங்கள்.

அப்புறம் நம்மூர் உதாரணம். சென்னை ஐ.ஐ.டி. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது. அங்கிருந்து பேராசிரியர்களும் ஆய்வுக்கூடக் கருவிகளும் வந்தன, இங்கிருந்து ஆசிரியர்கள் அங்கே பயிற்சிக்குப் போனார்கள். அதே ஐ.ஐ.டி. 2023-ல் ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் சான்சிபாரில் தன் வளாகத்தைத் திறந்தது. அன்று வாங்கிய கை இன்று கொடுக்கிறது. இரண்டு தடவையும் யார் செலவு செய்தார்கள், பாடத்திட்டம் யாருடையது, யாருக்கு என்ன கிடைத்தது? இந்த ஒரு உதாரணத்தை வைத்தே இரண்டு வாரம் ஓட்டலாம்.

கனடா கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டில் அது நிஜமான பேச்சு. பஸ் ஸ்டாண்டில் கன்சல்டன்சிக்காரர்கள் கொடுக்கும் நோட்டீஸை ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். வேலை, பி.ஆர். (அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) பற்றி எத்தனை வரி, பாடம் பற்றி எத்தனை வரி என்று எண்ணட்டும். கட்டணம் எந்த மூலையில் அச்சாகியிருக்கிறது என்று தேடட்டும். பிறகு 2024-ஐச் சொல்லுங்கள். வீட்டுத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, கனடா அந்த ஆண்டு மாணவர் அனுமதியை முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைத்து, ஏறத்தாழ 3,60,000 என்று வரம்பு கட்டியது. வாழ்க்கைச் செலவுக்குக் கையில் காட்ட வேண்டிய தொகையும் 10,000 கனடா டாலரிலிருந்து 20,635 டாலராக ஏறியது. கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் எடுத்த முடிவு ஒட்டன்சத்திரத்தில் ஒரு வீட்டின் கடன் கணக்கை மாற்றுகிறது. இதைவிடத் தெளிவான பாடம் எந்தக் கட்டுரையிலும் கிடைக்காது.

என் வகுப்பில் ஒருமுறை எத்தியோப்பியாவிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இருந்தார். இரண்டு மாதம் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஒருநாள், நீங்கள் எந்த மொழியில் படித்தீர்கள் என்று கேட்டேன். தொடக்கப் பள்ளியில் ஓரோமோ மொழி, உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் எல்லாமே ஆங்கிலம் என்றார். முதல் மூன்று மாதம் கணக்குப் புரிந்தும் கேள்வி புரியவில்லையாம். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்திருந்த ஒரு பெண் சட்டென்று திரும்பி, "எனக்கும் அதேதான்" என்றாள். அவர் இன்னொன்றும் சொன்னார்: அவருடைய அப்பாவுக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் இந்திய ஆசிரியர். அந்தக் காலத்தில் நம் நாட்டிலிருந்து நிறையப் பேர் எத்தியோப்பியப் பள்ளிகளுக்கு வேலைக்குப் போனார்கள். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அவரை இரண்டு மாதம் கேட்காமல் விட்டேனே என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் இருந்தால் ஒரு வகுப்புக்கு அழையுங்கள். ஆனால் பாட்டும் உடையும் காட்டச் சொல்லாதீர்கள், அவர்கள் படித்த பள்ளியைப் பற்றிக் கேளுங்கள். யாரும் இல்லையென்றால், உங்கள் ஊரில் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியவர் ஒருவராவது இருப்பார். அவரை வரச் சொல்லலாம்.

இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு ஒப்படைவாக, வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்கிய ஒரு குடும்பத்தைப் பேட்டி எடுத்துத் தமிழிலேயே எழுதட்டும். பெயரை மாற்றி எழுதச் சொல்ல மறக்காதீர்கள். செமஸ்டர் முடிந்ததும் அவற்றில் இரண்டை எனக்கும் அனுப்புங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.