சிசிரிஸைச் சுத்தம் செய்ய 1,800 ரிங்கிட்டா?

கேள்வி: தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது சுங்கை சிப்புட்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் தம்பிக்காக என் பெயரில் கார் லோன் எடுத்தேன். மாதம் 520 ரிங்கிட், அவன்தான் கட்டுகிறான். போன வருடம் வேலை போனபோது இரண்டு மாதம் விட்டுவிட்டான். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இருந்தும் வீட்டுக் கடன் கேட்டபோது, என் சிசிரிஸ் சரியில்லை என்று பேங்கில் மறுத்துவிட்டார்கள். ஃபேஸ்புக்கில் ஒருவர், 1,800 ரிங்கிட் கொடுத்தால் 14 நாளில் பெயரை எடுத்துவிடலாம், பேங்க் நெகாராவுக்குள் ஆள் இருக்கிறது என்கிறார். ஐசி (அடையாள அட்டை) படம் அனுப்பிவிட்டேன். இப்போது ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் கேட்கிறார். சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கட்டாதீர்கள் சகோதரி. ஒரு காசும் வேண்டாம். ஏடிஎம் கார்டை எந்தக் காரணத்துக்காகவும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். மீதியைப் பொறுமையாகப் பேசலாம்.

முதலில் சிசிரிஸ். இது மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் பதிவு. இதில் கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. உங்கள் கடன்கள் என்னென்ன, ஒவ்வொன்றிலும் கடந்த 12 மாதங்களில் எத்தனை தவணை பாக்கி நின்றது என்பதுதான் அதில் இருக்கும். கொடுப்பதா மறுப்பதா என்று அதைப் பார்த்து முடிவெடுப்பது நீங்கள் விண்ணப்பித்த பேங்க்.

உங்கள் கார் லோனுக்கு நேரே மாதத்துக்கு ஒரு எண் இருக்கும். பாக்கி இல்லாத மாதத்துக்கு 0, ஒரு தவணை பாக்கி என்றால் 1, இரண்டு என்றால் 2. உங்கள் கணக்கில் 2, 2, 2, 2 என்று வரிசையாக நிற்கிறது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் தம்பி அந்தந்த மாதத் தவணையைத்தான் கட்டியிருக்கிறான். விட்ட இரண்டு தவணை அப்படியே கிடக்கிறது. ஒழுங்காகக் கட்டுகிறோமே என்று நீங்கள் நிம்மதியாக இருக்க, பேங்க் கணக்கிலோ மாதாமாதம் இரண்டு தவணை பின்தங்கியே நிற்கிறீர்கள். எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன. கவுன்ட்டரில் பணம் வாங்குகிறவர்கள் ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால் என்ன என்று எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். விட்டுப்போன இரண்டு தவணைக்கு 1,040 ரிங்கிட். தாமதக் கட்டணம் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அந்த ஆள் கேட்பது 1,800. அவருக்குக் கொடுக்கிற பணத்தை நேராகப் பேங்கில் கட்டினாலே அந்த 2 என்பது 0 ஆகிவிடும், கையில் மிச்சமும் இருக்கும். அவருக்குக் கொடுத்தாலோ 2 அங்கேயே நிற்கும், சங்கிலியும் போய்விடும். சிசிரிஸில் உள்ள விவரங்களைக் கொடுப்பது கடன் தந்த பேங்க். உண்மையான பாக்கியைக் காசு வாங்கிக்கொண்டு வெளியாள் யாரும் அழிக்க முடியாது. தவறாக ஏதாவது பதிவாகியிருந்தால், அந்தப் பேங்கிடம் ரசீதைக் காட்டித் திருத்தச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிப்பட்டவர்கள் பல விதம். சிலர் முன்பணம் வாங்கியதும் போனை அடைத்துவிடுவார்கள். இன்னும் சிலர் தங்கள் பணத்தைப் போட்டு உங்கள் பாக்கியைத் தீர்ப்பார்கள். பதிவு சுத்தமானதும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் உங்கள் பெயரில் பெரிய கடன் எடுக்க வைத்து, அதில் பெரும்பங்கைக் கழித்துக்கொள்வார்கள். அரசாங்க வேலையில் இருப்பவர்கள் இதில் நிறையவே சிக்கியிருக்கிறார்கள். உங்களிடம் பேசும் ஆள் ஏடிஎம் கார்டு கேட்பதுதான் எனக்கு அதிகப் பயம். ஏமாற்றிய பணத்தை உங்கள் கணக்கு வழியாகக் கடத்துவார்கள். போலீஸ் தேடி வரும்போது கணக்கில் இருப்பது உங்கள் பெயர். கணக்கை இப்படிக் கொடுப்பவர்களை இங்கே 'கெல்டாய் அக்காவுன்' என்பார்கள். நீதிமன்றம் வரை போன வழக்குகள் உண்டு.

சரி, இனி என்ன செய்வது? இ-சிசிரிஸ் தளத்தில் பதிந்து உங்கள் அறிக்கையை எடுங்கள். இலவசம். நான் சொன்ன 2 நிற்கிறதா பாருங்கள். ஐசி படம் வெளியே போய்விட்டதால், நீங்கள் கேட்காத கடன் விண்ணப்பம் எதுவும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மாதங்களுக்கு இதை அடிக்கடி பார்ப்பது நல்லது. சிடோஸ் என்பது வேறு, அது தனியார் நிறுவனம். நீதிமன்ற வழக்கு, திவால் போன்ற விவரங்கள் அதில் இருக்கும். வழக்கு எதுவும் இல்லாத உங்களுக்கு அதில் பெரிய கவலை வேண்டாம்.

அப்புறம் கார் லோன் கொடுத்த பேங்குக்குப் போய், மொத்தப் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முழுதாக ஒரே தடவையில் முடியாவிட்டால், தவணையோடு 260 சேர்த்து மாதம் 780 கட்டினால் நாலு மாதத்தில் அந்த 1,040 தீரும். கூடுதலாகக் கட்டுவது பாக்கிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும். இந்தப் பணம் தம்பி கட்ட வேண்டிய பணம். அக்கா எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். அவனுக்காகக் கையெழுத்துப் போட்டதால் வீடு வாங்க முடியாமல் நிற்பது நீங்கள். அதை அவனிடம் மனம் திறந்து சொல்லுங்கள்.

பாக்கி தீர்ந்த உடனே வரிசை முழுவதும் 0 ஆகிவிடாது. ஒவ்வொரு மாதமும் புது 0 ஒன்று சேரும், பழைய 2 ஒன்று விழும். ஒரு வருடத்தில் 2 எல்லாமே போய்விடும். அதுவரை பேங்க் பேங்காக வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போடாதீர்கள், நிலுவையில் இருக்கும் விண்ணப்பங்களும் அந்த அறிக்கையில் தெரியும். ஊரில் பலர் செய்வதைப் பார்க்கிறேன்: கூத்துப் பணத்தை (சீட்டுப் பணம்) மட்டும் மானப் பிரச்சினையாக நினைத்துத் தேதி தவறாமல் கட்டிவிட்டு, பேங்க் தவணையைப் பிறகு பார்ப்போம் என்று விடுவார்கள். கூத்து சிசிரிஸில் வராது. இந்த ஒரு வருடம் உங்கள் சம்பளத்தில் முதலில் எடுத்து வைக்க வேண்டியது பேங்க் தவணை.

கார் லோன் போக கிரெடிட் கார்டு, சொந்தக் கடன் என்று வேறு சுமையும் இருந்தால் ஏகேபிகே-க்குப் போங்கள். 2006-இல் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனைக்குப் பணம் வாங்குவதில்லை. ஈப்போவில் கிளை இருக்கிறது. சம்பளச் சீட்டு, லோன் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். உங்களுக்காகப் பேங்குகளிடம் பேசித் தவணையைக் குறைத்துத் தர அவர்களிடம் திட்டம் உண்டு. ஆனால் அதில் சேர்ந்தால் அது சிசிரிஸில் தெரியும், வீட்டுக் கடன் ஆசையைக் கொஞ்ச காலம் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். கார் பாக்கி மட்டும்தான் என்றால் உங்களுக்கு அது தேவைப்படாது.

அந்த ஆளின் நம்பரை இன்றே தடை செய்யுங்கள். அதற்கு முன் அவர் அனுப்பிய செய்திகளைப் படம் பிடித்து வைத்து, ஐசி படம் கொடுத்ததைச் சொல்லிப் போலீஸில் ஒரு புகார் போட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தை எழுதிய பிறகு பணம் ஏதும் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997-க்குப் போன் செய்யுங்கள், உங்கள் பேங்குக்கும் சொல்லுங்கள்.