பஞ்சாங்கத்தில் ‘திரயோதசி 32.15’ என்றால் மணி எத்தனை? ஊருக்கு ஊர் மாறுமா?

அந்த எண் கடிகார மணி அல்ல. சூரிய உதயத்திலிருந்து திரயோதசி (பதின்மூன்றாம் திதி) முடியும்வரை எண்ணிய நாழிகையும் விநாடியும். நாழிகைக்கு 24 நிமிடம், விநாடிக்கு 24 செகண்டு. 32-ஐ 24-ஆல் பெருக்கினால் 768 நிமிடம், 15 விநாடிக்கு 6 நிமிடம். ஆக 12 மணி 54 நிமிடம். உதயம் காலை 6.05 என்றால் திரயோதசி மாலை 6.59 வரை இருக்கிறது. அஸ்தமனத்தில் திரயோதசி இருப்பதால் பிரதோஷம் அன்றே. (அஸ்தமனம் எத்தனை நாழிகையில் என்று பஞ்சாங்கத்தில் ‘அகசு’, அதாவது பகல் அளவு, சொல்லும். நம் பக்கம் 30-ஐ ஒட்டித்தான் வரும்.)

புள்ளியைத் தசமம் என்று நினைத்துக் கால்குலேட்டரில் தட்டுவதுதான் வழக்கமான பிசகு. 32.50 என்பது முப்பத்திரண்டரை அல்ல, 32 நாழிகை 50 விநாடி. எட்டு நிமிடம் விட்டுப்போகும்.

சந்திரன் சூரியனை விட்டு ஒவ்வொரு 12 பாகை விலகும்போதும் ஒரு திதி முடிகிறது. அது உலகம் முழுக்க ஒரே கணம்தான். ஆகவே சென்னையிலும் கோவையிலும் அதே 6.59 தான். கோவையில் உதயம் சுமார் 13 நிமிடம் பிந்துவதால் அங்கே நாழிகைக் கணக்குத்தான் குறையும். சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கத்தின் நாழிகையைக் கோவை உதயத்தோடு கூட்டினால் தப்பு. எந்த ஊருக்குக் கணித்ததோ அந்த ஊர் உதயத்தோடு கூட்டுங்கள். லண்டனில் இருப்பவர் வந்த மணியிலிருந்து 5.30 மணி நேரம் (கோடையில் 4.30) கழித்துக்கொண்டு, தன் ஊர் உதயத்தில் எந்தத் திதி என்று பார்க்க வேண்டும். அங்கே சில சமயம் ஏகாதசி ஒரு நாள் முன்னே போவது இதனால்தான்.

வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் (பழைய வாய்பாட்டுக் கணக்கு) திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் (திருத்திய கணக்கு) இடையே திதி முடிவு மணிக்கணக்கில்கூட விலகும். சனிப்பெயர்ச்சியோ திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, திருநள்ளாற்றில் வாக்கியப்படி டிசம்பர் 20! வீட்டு வழக்கம் எதுவோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

சிராத்தத்துக்கு உதயத் திதியைப் பார்ப்பதில்லை, அபராண்ணம்தான் கணக்கு. பகலை ஐந்தாகப் பிரித்தால் நாலாவது பங்கு. பகல் 30 நாழிகை என்றால் 18 முதல் 24 நாழிகை வரை. திதி 10 நாழிகையிலேயே முடிகிறதா, சிராத்தம் முந்தின நாள். 24-ஐத் தாண்டுகிறதா, அன்றைக்கே. நடுவில் விழுந்தால்தான் வாத்தியாரை (புரோகிதரை) கேட்க வேண்டும்.