கடத்தல் கதையில் போலீஸைத் தூங்கவைக்காதீர்கள்

கேள்வி: பதின்பருவப் பிள்ளைகளுக்காக ஒரு த்ரில்லர் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா பிளஸ் டூ எழுதியவள், தங்கை எட்டாம் வகுப்பு. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போன இடத்தில், இவர்கள் பொறுப்பில் இருந்த சின்னம்மா மகன் காணாமல் போகிறான். ஐந்து வயதுப் பையன். போலீஸில் ‘24 மணி நேரம் கழிச்சு வாங்க’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அக்காவும் தங்கையுமே துப்புத் துலக்கி, வடமாநிலத்திலிருந்து வந்த பிச்சையெடுக்கும் கும்பலிடமிருந்து தம்பியை மீட்கிறார்கள். இது சட்டப்படியும் நடைமுறைப்படியும் நம்பும்படி இருக்குமா? எதை மாற்ற வேண்டும்? – ஒரு வாசகி, காட்பாடி

பதில்: களம் அருமையாக அமைந்திருக்கிறது. சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி, அதாவது மே மாத நடுவில் வரும். பள்ளிக்கூடம் லீவு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த சூடு வீட்டில் ஆறியிருக்காது. கவுண்டன்யா ஆற்றங்கரை முழுக்கத் தலையாகத் தெரியும். பம்பைச் சத்தத்திலும் சிதறு தேங்காய்ச் சத்தத்திலும் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. ஒரு சின்னப் பையனின் கை நழுவிப் போக இதைவிடப் பொருத்தமான இடம் நம் வேலூர்ப் பக்கத்தில் இல்லை. ஆனால் கதையைத் தாங்கும் இரண்டு தூண்களை நீங்கள் எடுத்துவிட வேண்டும். ஒன்று அந்த 24 மணி நேரம். இன்னொன்று அந்த வடமாநிலக் கும்பல். முதலாவது சட்டத்தில் இல்லாத விஷயம். இரண்டாவது, நம் ஊரில் எழுதக் கூடாத விஷயம் என்பேன்.

காணாமல் போன குழந்தைக்காக 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. சினிமாவும் சீரியலும் சொல்லிச் சொல்லி நம் மனதில் ஊறிப்போன ஒன்று. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை காணவில்லை என்று புகார் வந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், கடத்தல் அல்லது ஆள்கடத்தல் வியாபாரம் என்ற அனுமானத்தோடுதான் விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே சொல்லிவிட்டது. 2016-இல் வந்த இளைஞர் நீதி விதிகளிலும் இது இருக்கிறது. நான்கு மாதத்துக்குள் கண்டுபிடிக்கவில்லை என்றால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கு போய்விடும்.

எப்.ஐ.ஆர். போடாமல், புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீதை மட்டும் கொடுத்து அனுப்புகிற பழக்கம் சில ஸ்டேஷன்களில் இன்றைக்கும் உண்டு. பெரியவர்கள் காணாமல் போன புகாரில் அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மாவட்ட எஸ்.பி.யே பந்தோபஸ்துக்கு நிற்கும் திருவிழாவில், ஐந்து வயதுக் குழந்தைக்கு அது நடக்காது. நடப்பது வேறு. முதல் அரை மணி நேரம் எல்லாரும் அவனைத் ‘தொலைந்த பையன்’ என்றே நினைப்பார்கள். மைக்கில் சட்டை நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவுட்போஸ்ட்டில் ஏற்கனவே நாலைந்து பிள்ளைகள் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓடிப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பதும், நம் பிள்ளை அதில் இல்லை என்று தெரிவதும் ஒரு முழு அத்தியாயத்துக்குத் தாங்கும். அதற்கு அப்புறம்தான் ‘தொலைந்தவன்’ என்ற நினைப்பு ‘கடத்தப்பட்டவன்’ என்று மாறும். வயர்லெஸ்ஸில் செய்தி பறக்கும், தனிப்படை அமைப்பார்கள், பஸ் ஸ்டாண்டுக்கும் குடியாத்தம், காட்பாடி ரயில் நிலையங்களுக்கும் போட்டோ போகும்.

‘போலீஸ் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தால் அந்தப் பெண்களுக்கு என்ன வேலை?’ என்று கேட்பீர்கள். உங்கள் நாவலின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தாமதம் போலீஸின் சோம்பேறித்தனத்திலிருந்து வர வேண்டாம். அக்கா சொல்லும் ஒரு பொய்யிலிருந்து வரட்டும்.

பையனின் கையை விட்டது எத்தனை மணிக்கு? அக்கா ‘பத்து மணி’ என்கிறாள். உண்மையில் ஒன்பது நாற்பது. இடையில் இருபது நிமிடம் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள், வீட்டுக்குத் தெரியக் கூடாத ஒருவரோடு. தங்கைக்கு அது தெரியும். இப்போது போலீஸ் கடைத்தெருவின் சிசிடிவியைப் பத்து மணியிலிருந்துதான் ஓட்டிப் பார்க்கும். பையன் அந்தக் காட்சிகளில் எங்கேயும் இருக்க மாட்டான். ஒழுங்காக வேலை செய்கிற ஒரு எஸ்.ஐ., தப்பான இருபது நிமிடத்தால் முழு இரவையும் இழக்கிறார். உண்மையைச் சொன்னால் அக்கா மாட்டுவாள், சொல்லாவிட்டால் தம்பி கிடைக்க மாட்டான். தங்கை யார் பக்கம் நிற்பாள்? பதினைந்து வயது வாசகர் இதைக் கீழே வைக்க மாட்டார், ஏனென்றால் இப்படி ஒரு சின்னப் பொய் எல்லா வீட்டுப் பிள்ளைகளிடமும் இருக்கிறது.

விசாரணைக் காட்சியை ஸ்டேஷனில் வைக்காதீர்கள். சாட்சி பெண்ணாக இருந்தால், எந்த வயதானாலும், வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆகவே எஸ்.ஐ. அம்மா சின்னம்மா வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து கேட்கட்டும். ஆயா ஒரு மூலையில், கதவருகே ஏட்டய்யா, வாசலில் பக்கத்து வீட்டுக் கூட்டம்.

“கால்ல என்ன போட்டிருந்தான்?”

அக்காவுக்குத் தெரியவில்லை. தங்கை சொல்கிறாள்: “நீல ரப்பர் செருப்பு மேடம். இடது கால் வார் அறுந்துபோச்சு, ஊக்கு குத்தியிருக்கு. நான்தான் குத்தினேன்.”

“கையை விட்டது எத்தனை மணிக்கு?”

தங்கை அக்காவைப் பார்க்கிறாள்.

இந்த ஒரு பார்வையை எஸ்.ஐ. கவனித்தாரா இல்லையா என்பதை வைத்தே அடுத்த இரண்டு அத்தியாயங்களை நகர்த்தலாம். ஒரு சின்னத் திருத்தம்: போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கையெழுத்து, புகார் கொடுக்கும் சின்னம்மாவுடையது மட்டும். எப்.ஐ.ஆர். நகலை அவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். இதனால் அக்காவின் பொய் கையெழுத்தாகி இறுகிப்போகவில்லை. எப்போது வேண்டுமானாலும் வாய் திறந்து திருத்தலாம். திருத்தாமல் கழிகிற ஒவ்வொரு மணி நேரமும் அவளுடைய கணக்கில்தான் ஏறும்.

சகோதரிகளால் முடியாதவை எவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். செல்போன் அழைப்பு விவரமும் டவர் விவரமும் எஸ்.பி. அளவிலான அதிகாரி கேட்டால்தான் கம்பெனி கொடுக்கும். ‘நண்பனின் அண்ணன் டெலிகாமில் வேலை’ என்று எழுதிவிட்டால் வாசகர் அங்கேயே கதையை நம்புவதை நிறுத்திவிடுவார். அவர்களால் முடிந்தது, போலீஸுக்குத் தெரியாததைத் தெரிந்து வைத்திருப்பது. தம்பி புது ஆள் கூப்பிட்டால் போக மாட்டான், அவனுடைய செல்லப் பெயர் தெரிந்தவர் கூப்பிட்டால்தான் போவான் என்பது தங்கைக்குத் தெரியும். யாரைத் தேட வேண்டும் என்பதையே அந்த ஒரு தகவல் மாற்றிவிடும்.

இனி அந்தக் கும்பல். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 2018 மே மாதம், போளூருக்குப் பக்கத்தில் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு வழி தேடிக் காரில் வந்த ஒரு சென்னைக் குடும்பம் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. ‘பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்’ என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த வதந்தியை நம்பி ஊரே திரண்டு அடித்தது. 65 வயதான ஒரு அம்மா அங்கேயே செத்துப்போனார். அத்திமூர் இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம், 1989 வரை நம் வட ஆர்க்காடு. அடித்தவர்களும் பிள்ளை குட்டி உள்ளவர்கள்தான், பயத்தில்தான் அடித்தார்கள். வெளியூர்க்காரர் என்றாலே பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லும் இன்னொரு கதையைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் கையில் நாம் கொடுக்கக் கூடாது.

அந்தப் பயத்தையே கதைக்குள் கொண்டுவாருங்கள். வேலூரில் சிஎம்சியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டு, மருந்துக்கடை போர்டு, சாப்பாட்டுக்கடை போர்டு எல்லாம் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிற குடும்பங்கள் நம் ஊர்த் தெருக்களில் நடமாடுகின்றன. சகோதரிகளின் அம்மா அப்படி ஒரு லாட்ஜில் வேலை செய்யட்டும். அங்கே வளர்ந்ததால் தங்கைக்கு அரைகுறை வங்காளம் வரட்டும். நோயாளிக்குத் துணையாக வந்த ஒருவர் திருவிழா பார்க்கக் குடியாத்தம் போய், ஒரு பையனுக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்ததை யாரோ போட்டோ எடுக்கிறார்கள். பதற்றத்தில் அக்கா அதை ‘இவன்தான்’ என்று குடும்ப குரூப்பில் போட்டுவிடுகிறாள். ஒரு மணி நேரத்தில் அது எங்கெங்கோ போய்விடுகிறது. இப்போது இரண்டு உயிர் ஆபத்தில்: தம்பி ஒருவன், அந்த மனிதர் ஒருவர். உண்மையில் அவர்தான் பையன் யாரோடு போனான் என்று பார்த்த ஒரே சாட்சி. அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளக்கூடியவள் தங்கை மட்டும். கூட்டம் அவரைச் சுற்றி நிற்கும்போது அவள் உள்ளே நுழைந்து பேச வேண்டும். உங்கள் நாவலின் உச்சக்கட்டம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, மீட்புக் காட்சிகூட இதற்கு அடுத்ததுதான்.

அப்படியானால் எடுத்துப் போனது யார்? இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, பிரிந்து வாழும் அப்பா. இதில் சட்டச் சிக்கல் அதிகம். இந்துச் சட்டத்தில் அப்பா இயற்கைப் பாதுகாவலர். நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாத நிலையில் அப்பாவே பிள்ளையை எடுத்துப் போனால் பொதுவாகக் கடத்தல் வழக்கு நிற்காது. ஆனால் ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் பையனுக்கு ஐந்து முடிந்துவிட்டதா, நடக்கிறதா? பிறந்த தேதியே ஒரு முடிச்சாகிவிடும். அப்பாதான் என்று தெரிந்த நிமிடத்தில் ‘இது குடும்ப விஷயம்மா’ என்று போலீஸ் வேகம் குறையும். சகோதரிகளின் வேலை அங்கே தொடங்கலாம். சின்னம்மா உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுகிற வழியும் இருக்கிறது.

இன்னொரு வழி எனக்கு இன்னும் பிடித்தது. தம்பியைத் தேடிப் போகிற இடத்தில், யாருமே தேடாத வேறொரு குழந்தை அவர்கள் கண்ணில் படுகிறது. பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்காக ஆடு, வாத்து மேய்க்கவோ அரிசி ஆலையிலோ விடப்பட்ட பிள்ளை. கொத்தடிமை முறை 1976-இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இருந்தாலும் நம் பகுதியில் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்களை வருவாய்க் கோட்டாட்சியர்கள் மீட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் பீடிக் கடனுக்குப் பிள்ளைகளை அடமானமாக விட்ட காலத்தை உங்கள் கதையின் ஆயா பார்த்திருப்பார், அவரைப் பேசவிடுங்கள். இவர்கள் தம்பிக்கு எப்.ஐ.ஆர்., தனிப்படை, போஸ்டர் எல்லாம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரு சிஎஸ்ஆர்கூட இல்லை. சகோதரிகள் இதைக் கவனிக்காமல் கடந்துபோக முடியாது.

துரத்தல் எந்தத் திசையில் என்றால், பரதராமி வழியாகச் சித்தூர், அல்லது பேரணாம்பட்டு வழியாக வி.கோட்டா. ஆந்திர எல்லை கிட்டத்தில்தான் இருக்கிறது. ‘இது எங்க லிமிட் இல்லை’ என்று சித்தூர் ஸ்டேஷனில் சொன்னால், அதுவும் தப்பு. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவுசெய்து, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். ஜீரோ எப்.ஐ.ஆர். என்பது அதுதான். சட்டப் புத்தகத்தில் படித்ததை அக்கா நடுங்கும் குரலில் அங்கே சொல்லட்டும், நன்றாக இருக்கும்.

மீட்ட பிறகு உடனே கட்டிப்பிடித்து வீட்டுக்குப் போய்விட முடியாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். மருத்துவப் பரிசோதனை இருக்கும், நம் மாவட்டத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை என்று எழுதலாம். பையனிடம் பேசுகிற பெண் காவலர் யூனிபார்மில் இல்லாமல் சுடிதாரில் இருக்கட்டும். அவன் ஓடிவந்து அணைத்துக்கொள்வான் என்று எழுதாதீர்கள். பல குழந்தைகள் அந்த நேரத்தில் பேசவே மாட்டார்கள், சிலர் பெற்றவர்கள் மேலேயே கோபமாக இருப்பார்கள். தங்கையிடம் மட்டும் ‘செருப்பு போச்சு’ என்று சொல்லட்டும், போதும்.

போஸ்டர் விஷயத்தையும் மறக்க வேண்டாம். தேடும்போது போட்டோ தேவை. கிடைத்த பிறகு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊரெல்லாம் ஷேர் செய்த படத்தை அக்கா ஒவ்வொரு குரூப்பாகக் கேட்டு நீக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வெளியூர்க்காரரின் படத்தையும் சேர்த்து.

கடைசியாக ஒன்று, சின்னதாகத் தெரிந்தாலும் கதையில் உடனே கண்ணில் படும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 2024 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் திருவிழா 2024 மே என்றால் எப்.ஐ.ஆரில் இந்திய தண்டனைச் சட்டம் 363 என்று இருக்க வேண்டும். 2025 மே என்றால் பி.என்.எஸ். 137. பையனை விடப் பணம் கேட்டு மிரட்டல் வந்தால் 140-உம் சேரும், அதற்குத் தூக்கு அல்லது ஆயுள். பிச்சையெடுக்க வைப்பதற்காகக் கடத்தினால் 139, குறைந்தது பத்து ஆண்டு. எந்த ஆண்டு என்று முதலில் முடிவுசெய்துவிட்டு அந்த அத்தியாயத்தை எழுத உட்காருங்கள்.