மாலை வகுப்பும் அரசியலும்: கடிதம்

அன்புள்ள தோழருக்கு,

வணக்கம். நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் இருளர் பழங்குடிக் குடியிருப்பில் வாரத்துக்கு மூன்று நாள் மாலை வகுப்பு எடுக்கிறோம். நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) முகாமுக்குப் போனபோது தொடங்கியது. முகாம் ஏழு நாளில் முடிந்துவிட்டது. பிள்ளைகள் “அக்கா, திரும்ப எப்ப வருவீங்க?” என்று கேட்டதால் விட மனசு வரவில்லை.

ஒரு மாணவர் அமைப்பிலும் இருக்கிறேன். அங்கே மூத்த தோழர்கள், “டியூஷன் எடுப்பது தொண்டு, அரசியல் இல்லை. அரசு செய்ய வேண்டியதை நீங்கள் இலவசமாகச் செய்து அரசைக் காப்பாற்றுகிறீர்கள்” என்கிறார்கள். கல்லூரியில் திட்ட அலுவலர், “சேவை செய்யுங்கள், அரசியலை அங்கே கொண்டுபோகாதீர்கள்” என்கிறார். அப்பாவுக்கு இரண்டுமே வேண்டாம், டிகிரியை முடித்தால் போதும். போன மாதம் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். சாதிச் சான்றிதழ் இல்லாததால் மேலே படிக்க வைக்க முடியவில்லை என்கிறார்கள். அதற்குப் பிறகு, நாங்கள் செய்வதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்றே தோன்றுகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தோழருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது, கடைசியில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பையன்தான். அவன் சூளைக்குப் போனது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போய் உட்கார்ந்ததால் தெரிந்தது. ஒரு நாள் அவன் வரவில்லை, ஏன் என்று கேட்டீர்கள், பதில் கிடைத்தது. உங்கள் மூத்த தோழர்கள் தேடும் அரசியல் அந்தப் பதிலில் இருக்கிறது. வகுப்பு எடுக்காமல் இருந்திருந்தால் அது உங்கள் காதுக்கே வந்திருக்காது.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. வருஷக்கணக்கில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சூளைக்கும் விறகு வெட்டவும் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது தொண்டுதான். ஆனால் அதற்காக வகுப்பை விட்டுவிட்டுத் தெருமுனைக் கூட்டத்துக்குப் போனால், அந்த மக்களைப் பற்றிப் பேச உங்களிடம் துண்டறிக்கையில் இருப்பதுதான் மிஞ்சும்.

ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1990-91இல் அங்கே முழு எழுத்தறிவு இயக்கம் நடந்தது. படித்த இளைஞர்கள் சம்பளம் இல்லாமல் ஊர் ஊராகப் போய், கூலி வேலை முடித்து வரும் பெண்களுக்கு இரவில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைவிட ‘அரசியல் இல்லாத’ வேலை இருக்க முடியுமா? அரசே நடத்திய திட்டம். பாடப் புத்தகத்தில் சீதம்மா கதை என்று ஒரு பாடம் வந்தது. குடிகாரக் கணவனால் சீரழியும் ஒரு பெண்ணின் கதை. அதைப் படித்த பெண்கள் இது நம் வீட்டுக் கதையாச்சே என்றார்கள். அப்புறம் நம் ஊரில் மட்டும் சாராயக் கடை எதற்கு என்று கேட்டார்கள். துபகுண்டா என்ற கிராமத்துப் பெண்கள் கடையை மூட வைத்தார்கள். 1992இல் அது மாவட்டம் முழுக்கப் பரவியது. சாராய ஏலத்தை நடத்தவே முடியாமல் போனது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என்.டி.ராமராவ் அரசு முழு மதுவிலக்கே கொண்டுவந்தது. இரண்டு வருஷத்தில் அது தளர்த்தப்பட்டது வேறு கதை.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒன்று உண்டு. அந்த வகுப்புகளுக்குப் போன இளைஞர்கள் யாரும் சாராயத்தை ஒழிக்கப் போகவில்லை. எழுத்துச் சொல்லிக் கொடுக்கத்தான் போனார்கள். கேள்வி அந்தப் பெண்களிடமிருந்து வந்தது. கேள்வி வந்தபோது, ‘அது நம் பாடத்திட்டத்தில் இல்லை’ என்று யாரும் புத்தகத்தை மூடிவிடவில்லை. நம் பக்கத்தில் புதுக்கோட்டையிலும் இப்படித்தான். அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள், கல் குவாரிகளையே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள்.

உங்கள் குடியிருப்பில் கேள்வி ஏற்கெனவே வந்துவிட்டது. சான்றிதழ் ஏன் இல்லை?

நம் மாநிலத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழை வட்டாட்சியரே தருகிறார். பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அப்பா, அம்மா, சொந்தக்காரர் யாரிடமாவது சான்றிதழ் இருந்தால் வழி கொஞ்சம் சுலபம். குடும்பத்தில் முதல்முதலாகக் கேட்பவர் பாடுதான் திண்டாட்டம். பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் உதவித்தொகை, விடுதி, கல்லூரி இடம் எல்லாம் அந்த ஒரு தாளில் தொங்குகின்றன.

அந்தத் தாளுக்காக நடந்த ஒரு விசாரணையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். ஓர் அம்மா, கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ரேஷன் அட்டை, ஆதார், மகளின் மதிப்பெண் பட்டியல், எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடித்து வைத்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதில் ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை. “பாம்பு பிடிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். அந்த அம்மா தெரியாது என்றார். “அப்புறம் எப்படி நீ இருளர்?” மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண், பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்துப் பெருமைப்பட்டது இந்த நாடு. அதே திறமையை ஒரு தாய் செய்து காட்டினால்தான் மகளுக்குப் படிப்பு என்பது எந்த ஊர் நியாயம்?

அந்த மேசைக்கு முன்னால் அந்த அம்மா தனியாக நிற்கக் கூடாது. நீங்கள் செய்யக்கூடிய அரசியல் இங்கே தொடங்குகிறது. குடியிருப்பில் எத்தனை வீடு, யாரிடம் சான்றிதழ் இருக்கிறது, யாருக்கு யார் உறவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். விண்ணப்பித்தவர்களின் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பதில் வராதவற்றுக்கு பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரச் செய்யலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு எல்லோருமாகப் போகலாம்.

வழி தெரிந்தவர்கள் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். திண்டிவனத்தில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, 1993இல் அத்தியூரில் ஓர் இருளர் பெண்ணுக்குப் போலீஸாரால் நேர்ந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு இறங்கியவர். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அவர் முன்னின்று கட்டியது. அவர்களைப் போய்ப் பாருங்கள்.

அந்தப் பையன் விஷயத்தில் ஒன்றை உடனே விசாரியுங்கள். குடும்பம் சூளையில் முன்பணம் வாங்கியிருக்கிறதா? அதைக் காட்டி வெளியே விடாமல் வைத்திருந்தால் அது கொத்தடிமை. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. ஆனால் நீங்கள் நேராகச் சூளைக்குப் போய் நிற்காதீர்கள். சங்கத்தின் மூலமாகக் கோட்டாட்சியருக்குப் புகார் போகட்டும்.

திட்ட அலுவலரிடம் மோத வேண்டியதில்லை. என்.எஸ்.எஸ். 1969இல் தொடங்கியபோதே சமூகத்தை மாணவர்கள் நேரில் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் கொஞ்ச நேரம் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பப் போகட்டும் என்று கேட்டுப் பாருங்கள். கட்சிக் கொடியை வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று அவர் சொன்னால் அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைகள் உங்கள் அமைப்புக்கு ஆள் சேர்க்கும் இடம் அல்ல.

இன்னொன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்குச் சுமார் ஆயிரம் கல்லூரி மாணவர்கள் போனார்கள். பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த வெள்ளையர்கள். கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்ய உதவுவதும், ‘சுதந்திரப் பள்ளிகள்’ நடத்துவதும் வேலை. தொடக்கத்திலேயே மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ குட்மன் 20 வயது மாணவர். ஜேம்ஸ் சேனி அந்த ஊர்க் கறுப்பின இளைஞர், வயது 21. அவ்வளவு நடந்தும் மற்றவர்கள் ஊர் திரும்பாமல் நாற்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளை நடத்தினார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமைச் சட்டம் வந்ததில் அந்தக் கோடைக்கும் பங்கு உண்டு.

ஆனால் அதற்குள் ஒரு மனக்கசப்பும் இருந்தது. வந்த மாணவர்கள் வேகமாகத் தட்டச்சு செய்வார்கள், நன்றாக எழுதுவார்கள், கூச்சமில்லாமல் பேசுவார்கள். அதுவரை தட்டுத் தடுமாறி அந்த வேலைகளைச் செய்துவந்த உள்ளூர் இளைஞர்கள் மெல்ல ஒதுங்கிப்போனார்கள். கோடை முடிந்ததும் பெரும்பாலான மாணவர்கள் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் இடம் கொடுத்த உள்ளூர்க் குடும்பங்கள் அதே ஷெரீப்பின், அதாவது அந்தப் பகுதிக் காவல் அதிகாரியின், பிடியிலேயே இருந்தன.

நீங்களும் இன்னும் ஒன்றரை வருஷத்தில் போய்விடுவீர்கள். ஊர்ப் பெரிய மனிதர்களோடு உரசல் வந்தால், அங்கே ரேஷன் வாங்கவும் வேலை கேட்கவும் போக வேண்டியது அந்தக் குடும்பங்கள்தான். ஆகவே மனுவை நீங்கள் எழுதலாம், ஆனால் பேச வேண்டியது அவர்கள். போகலாமா, எப்போது போகலாம் என்று முடிவு செய்ய வேண்டியதும் அவர்கள்தான். அவர்கள் இப்போது வேண்டாம் என்றால் பொறுத்திருங்கள். உங்கள் தோழர்கள் அவசரப்படுவார்கள், அவர்களிடம் இதைச் சண்டை போட்டாவது சொல்லுங்கள்.

அப்பாவின் பயம் நியாயமானது. தேர்வுகளை விடாமல் எழுதுங்கள். படிப்பை விட்ட அக்கா வந்து ‘படி’ என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

குடியிருப்பில் எட்டாவதோ பத்தாவதோ முடித்த பெண் யாராவது இருந்தால், இந்த வாரமே ஒரு நாள் வகுப்பை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். தப்பாகச் சொன்னாலும் குறுக்கே புகாமல், பிள்ளைகள் போன பிறகு சொல்லுங்கள். செமஸ்டர் தேர்வுக்காக நீங்கள் எல்லோரும் ஒரு மாதம் வராமல் போகப்போகிறீர்கள் இல்லையா, அந்த மாதம் அவள்தான் நடத்த வேண்டியிருக்கும். அவளுக்கு ஏதாவது மதிப்பூதியம் திரட்ட முடியுமா என்றும் உங்கள் அமைப்பில் கேளுங்கள்.