நிரல் எழுதும் நிரலை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: கும்பகோணத்தில் நான்கே பேர் உள்ள சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் உள்ள ஈரப்பதமானி, மின்னணுத் தராசு ஆகியவற்றின் அளவுகளைச் சர்வருக்கு அனுப்பும் மென்பொருளை உருவாக்குகிறோம். செய்தியின் வடிவத்தை ஸ்கீமா கோப்பில் எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து ரஸ்ட் மொழியில் பைண்டிங் நிரலை (அந்தச் செய்திகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் நிரலை) உண்டாக்கும் ஜெனரேட்டர் ஒன்றை எங்கள் மூத்த சகா எழுதியிருக்கிறார். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மூவாயிரம் வரி இருக்கிறது. சோதனைகள் எல்லாம் தேறுகின்றன. அதை மதிப்பாய்வு செய்யும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: அந்த மூவாயிரம் வரியை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். அது எழுதித் தந்த நிரலைத் திறங்கள். சர்வரில் ஓடப்போவது அதுதான். இனி அதை யாரும் உட்கார்ந்து படிக்கப்போவதும் இல்லை. தலைமதகில் ஷட்டர் கோளாறானால் அது கடைமடை வயலில்தானே தெரியவரும்? ஜெனரேட்டர் பிழையும் அப்படித்தான்.

சோதனைகள் தேறுகின்றன என்கிறீர்கள். எந்த ஸ்கீமாவை வைத்து? அண்ணன் எழுதிய ஸ்கீமாவாகத்தான் இருக்கும். தன் ஜெனரேட்டருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தவர் சமைத்தது அது. எனவே உங்கள் முதல் வேலை, வேண்டுமென்றே வம்பான ஸ்கீமா ஒன்றை எழுதி உள்ளே கொடுப்பது. 'இதை ஏற்க முடியாது' என்று ஜெனரேட்டர் தெளிவாக மறுத்தால் சரி. ஏற்றுக்கொண்டு, கம்பைல் ஆகாத (இயங்கும் வடிவுக்கு மாற்ற முடியாத) நிரலைக் கொடுத்தால் பிழை. கம்பைலும் ஆகி, தப்பான மதிப்பைக் கொடுத்தால் அது ஆபத்து.

பெயர்களிலிருந்து தொடங்குங்கள். நெல்லின் ரகத்தைக் குறிக்க 'டைப்' என்று ஒரு புலத்தை (செய்தியில் ஒரு மதிப்புக்கான இடத்தை) யாராவது வைத்துவிடுவார்கள். ரஸ்டில் அது ஒதுக்கப்பட்ட சொல், அதாவது மொழி தனக்கென வைத்துக்கொண்ட சொல். முன்னால் ஆர் என்ற ஆங்கில எழுத்தையும் # குறியையும் சேர்த்தால் அதைப் பெயராகப் பயன்படுத்தலாம். ஆனால் 'செல்ஃப்', 'சூப்பர்' ஆகியவற்றுக்கு அந்த வழி செல்லாது. சூப்பர் பொன்னியை யாராவது 'சூப்பர்' என்று சுருக்கி ஒரு புலத்துக்குப் பெயர் வைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். புரோட்டோபஃப் என்ற செய்தி வடிவத்துக்கு ரஸ்ட் நிரல் எழுதித் தரும் பிராஸ்ட் ஜெனரேட்டர் இத்தகைய சொற்களின் பின்னால் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்துத் தப்பித்துக்கொள்கிறது. ரஸ்டின் 2024 பதிப்பில் 'ஜென்' என்ற சொல்லும் ஒதுக்கப்பட்டுவிட்டது; அப்படி ஒரு புலம் இருந்தால், நேற்றுவரை ஓடிய பைண்டிங் பதிப்பை மாற்றிய அன்றே நின்றுவிடும்.

ஸ்கீமாவில் தமிழ்ப் பெயர்களை அனுமதிக்கிறீர்களா? 2021 ஜூனில் வந்த ரஸ்ட் 1.53 முதல் 'ஈரப்பதம்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். வைத்தால் இரண்டு இடங்களில் கால் இடறும். 'கொள்முதல்' என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக எழுதலாம், அல்லது ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாக எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஜெனரேட்டர் பைட்டுகளை மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு பெயர்கள் என்று விட்டுவிடும். கம்பைலர் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, ஒரே புலம் இரண்டு முறை வந்திருப்பதாகச் சண்டைக்கு வரும்.

இன்னொன்று எனக்குப் பிடித்தமான வம்பு. பல ஜெனரேட்டர்கள் ஒரு செய்திக்குப் பெரிய எழுத்தில் தொடங்கும் ஸ்ட்ரக்ட் (புலங்களைச் சேர்த்து வைக்கும் வகை) ஒன்றையும், அதன் உள்வகைகளுக்காகச் சிறிய எழுத்தில் ஒரு மாட்யூலையும் (நிரலைப் பிரித்து வைக்கும் பகுதி) உண்டாக்குகின்றன. தமிழில் பெரிய எழுத்து ஏது, சிறிய எழுத்து ஏது? இரண்டும் ஒரே பெயரில் வந்து நிற்கும். ரஸ்டில் ஸ்ட்ரக்டுக்கும் மாட்யூலுக்கும் பெயர்வெளி (பெயர்கள் மோதக்கூடாத எல்லை) ஒன்றே என்பதால் கம்பைல் ஆகாது.

இதுவரை சொன்னதையெல்லாம் கம்பைலரே பிடித்துக்கொடுத்துவிடும். இனிமேல் வருபவற்றில் பெரும்பாலானவற்றை அது பிடிக்காது. உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள்.

ஈரப்பதப் புலமே இல்லாத ஒரு செய்தியைக் கையால் பைட் பைட்டாக எழுதி, பைண்டிங்கிடம் கொடுத்துப் பாருங்கள். என்ன வருகிறது? 'மதிப்பு இல்லை' என்பதைக் காட்டும் ஆப்ஷன் வகை வந்தால் நிம்மதி. 0.0 என்று வந்தால் யோசியுங்கள். கொள்முதலுக்கு ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மானி பழுதாகி ஒன்றும் அனுப்பாத மூட்டை, பூஜ்ய சதவீத ஈரத்தோடு முதல் ஆளாகத் தேறிப் போய்விடும். நிரலில் எந்த வரியும் தப்பில்லை, ஆனால் கணக்கு தப்பு.

அடுத்து, பருவம். எனம் (குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை) ஒன்றில் குறுவை 1, சம்பா 2, தாளடி 3 என்று வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அடுத்த ஆண்டு நவரையை 4 என்று சேர்க்கிறீர்கள். பழைய பைண்டிங் ஓடும் சர்வருக்கு 4 வந்தால் அது என்ன செய்யும்? முழுச் செய்தியையும் நிராகரிக்கலாம். தெரியாத எண் என்று அப்படியே வைத்துக்கொள்ளலாம். பிராஸ்ட் எனம் புலங்களை 32 பிட் முழு எண்ணாகவே வைத்திருப்பது இதற்காகத்தான். சத்தமில்லாமல் குறுவையாக்கிவிடுவது மட்டும் கூடாது. அதையும் விடக் கேடு ஒன்று உண்டு. வேகத்துக்காக வந்த பைட்டை டிரான்ஸ்மியூட் மூலம் (சரிபார்க்காமல் ஒரு வகையை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும் வழி) நேரடியாக எனமாக மாற்றியிருந்தால், வரையறையில் இல்லாத 4 வந்த அந்தக் கணமே நிரலின் நடத்தைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உண்மை, பொய் இரண்டை மட்டும் வைக்கும் பூல் வகைக்குள் 0, 1 தவிர வேறு பைட் புகுந்தாலும் இதே கதி. உண்டான நிரலில் 'அன்சேஃப்' (கம்பைலரின் பாதுகாப்புச் சோதனைகள் சிலவற்றைத் தாண்டும் இடத்தைக் குறிப்பது) என்ற சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே, அது ஏன் பாதுகாப்பானது என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும். அந்த இடங்களைத் தொடும் சோதனைகளை, இத்தகைய தவறுகளைக் கண்டுபிடிக்கும் மிரி கருவியிலும் ஓட்டுங்கள்.

பட்டியல் புலங்களையும் விடாதீர்கள். 'இத்தனை மூட்டை வருகிறது' என்று நான்கு பைட்டில் ஓர் எண் வந்து, அதை நம்பி முன்கூட்டியே நினைவகம் ஒதுக்கினால், யாராவது 4,294,967,295 என்று அனுப்பிவிட்டால் சர்வர் படுத்துவிடும். மீதம் எத்தனை பைட் இருக்கிறது என்று பார்த்த பிறகே ஒதுக்க வேண்டும்.

சில்லறை விஷயம் போலத் தெரிந்தாலும் என்னைச் சுட்டது ஒன்று: ஒரே ஸ்கீமாவை இரண்டு முறை கொடுத்தால் ஒரே கோப்பு வர வேண்டும். ஜெனரேட்டருக்குள் ஹேஷ்மேப்பை (பெயருக்கு மதிப்பு என்று சேமிக்கும், வரிசை நிலையில்லாத அட்டவணை) வைத்து அதன் வரிசையிலேயே எழுதினால், ரஸ்ட் ஒவ்வொரு ஓட்டத்திலும் வரிசையைக் கலைத்துவிடும். முன்பு ஓரிடத்தில் இதைக் கவனிக்காமல் ஒப்புதல் கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் ஆயிரக்கணக்கான வரி மாறியதாகக் காட்டியது. உண்மையான மாற்றம் எது என்று கண்டுபிடிக்க ஆளில்லை. வரிசை மாறாத பி-ட்ரீமேப் என்று மாற்றியதும் அடங்கியது.

ஸ்கீமாவில் உள்ள குறிப்புரைகளை ஆவணக் குறிப்புகளாக நகலெடுக்கிறதா? அப்படியானால் நான்கு இடைவெளி உள்ளே தள்ளி எழுதிய வரி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ரஸ்ட் அதை எடுத்துக்காட்டு நிரல் என்று நினைத்துச் சோதனையில் கம்பைல் செய்யப் பார்க்கும். 'சன்ன ரகம், பொது ரகம்' என்ற அழகான பட்டியலைக் கம்பைலர் திட்டுவதைக் காண்பது தனி அனுபவம்.

இவ்வளவும் முடிந்தபின் ஜெனரேட்டரைத் திறங்கள். எந்த இடம் ஓட்டை என்று இப்போது தெரியுமாதலால் முந்நூறு வரி படித்தாலே பெரும்பாலும் போதும். கம்பைலுக்கு முன் ஜெனரேட்டரை ஓட்டும் பில்ட் ஸ்கிரிப்ட், ஒரு ஸ்கீமா இறக்குமதி செய்யும் மற்ற ஸ்கீமா கோப்புகளையும் ரஸ்டின் கட்டுமானக் கருவியான கார்கோவிடம் சொல்கிறதா என்று மட்டும் கூடுதலாகப் பாருங்கள். சொல்லாவிட்டால் உள்ளே இருப்பதை மாற்றியும் பழைய பைண்டிங்கே தங்கிவிடும்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்களோ என்னவோ. பத்தி பத்தியாகக் கருத்து எழுத வேண்டாம். உங்கள் வம்பு ஸ்கீமாவைச் சோதனைக் கோப்புறையில் சேர்த்து, பூஜ்ய சதவீதம் காட்டும் அந்தச் செய்தியையும் கூடவே வைத்து, "அண்ணா, இதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்" என்று அனுப்புங்கள்.