வாசகர் கேள்வி – பதில்: மூர்த்தி இல்லாத கருவறையும் ஒரு சிவப்புக் கோடும்

கேள்வி: நான் ஓவிய ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். நியூயார்க் ஓவியர் பார்னெட் நியூமனின் படம் ஒன்றை அண்மையில் ஒரு நூலில் பார்த்தேன். செம்பழுப்புப் பரப்பின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரே ஒரு சிவப்புக் கோடு. யூத ஆன்மிகம் இதில் இருப்பதாக எழுதியிருந்தார்கள். சிறு வயதில் தாத்தா என்னை வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துச் செல்வார். அப்போது கருவறையில் மூர்த்தி இல்லை; ஆனாலும் அவர் கைகூப்பி நிற்பார். அந்தப் படம் ஏனோ அதை நினைவூட்டியது. இது என் மனப்பிரமைதானா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: மனப்பிரமை அல்ல, அம்மா; நீங்கள் சரியான வாசலில்தான் நிற்கிறீர்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் கோட்டைக் கோயிலின் கருவறை, 1981-இல் லிங்கம் மீண்டும் எழுந்தருளும் வரை, வரலாற்றின் காயத்தால் வெறுமையாகக் கிடந்தது. எருசலேமிலிருந்த யூத ஆலயத்தின் கருவறையான மகா பரிசுத்த இடமோ நெறியின்படியே வெறுமையாக இருந்தது. கி.மு. 63-இல் அந்நகரைக் கைப்பற்றிய ரோமானியத் தளபதி பொம்பேயுஸ் அதற்குள் நுழைந்தபோது, அங்கே எந்தத் தெய்வ உருவமும் இல்லை.

இந்த வெறுமையைப் படைப்பின் தொடக்கமாகவே கண்டவர், 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் போதித்த ஐசக் லூரியா. எங்கும் இறைவனே நிறைந்திருந்தால் உலகத்துக்கு இடம் ஏது? ஆகவே அவர் தம்மைத் தாமே சுருக்கிக்கொண்டு இடம் விட்டார் என்பதும், அவ்வாறு வெறுமையான வெளிக்குள் ஒளி ஒரு நேர்கோடாக இறங்கியது என்பதும் லூரியாவின் வழிவந்த கபாலா என்னும் யூத மறைஞான மரபு கூறுவன. அந்தச் சுருக்கத்துக்கு எபிரேய மொழியில் ‘சிம்சும்’ என்று பெயர். நியூமன் 1969-இல் செய்த உலோகச் சிற்பம் ஒன்றுக்கு இதே பெயரைத்தான் வைத்தார். நியூமனின் படங்களில் வரும் கோட்டினை லூரியாவின் ஒளிக்கோடாக வாசித்த விமர்சகர்களும் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் கபாலா விளக்கம் தேடுவது மிகையென்றே நான் கருதுகிறேன். கோட்பாட்டைவிட அவர் வேலை செய்த விதமே எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

நீங்கள் பார்த்த படம் உருவான விதம் ஓவிய ஆசிரியையான உங்களுக்கு உடனே விளங்கும். 1948 ஜனவரி 29, நியூமனின் 43-ஆம் பிறந்தநாள். சுமார் 69 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறிய கித்தானில் வண்ணம் பூசி, நடுவே ஒட்டுநாடாவை ஒட்டியிருந்தார். நாம் எதற்காக அதை ஒட்டுவோம்? வண்ணம் பூசி முடித்ததும் உரித்தெடுத்து, கூர்மையான விளிம்பைப் பெறுவதற்காக. அவர் நாடாவின் மேலேயே சிவப்பைத் தடவிப் பார்த்தார்; பார்த்ததும் கையை நிறுத்திக்கொண்டார். நாடா உரிக்கப்படவே இல்லை. தான் என்ன செய்துவிட்டோம் என்பதை அறிய ஏறக்குறைய எட்டு மாதங்கள் அந்தப் படத்துடனேயே இருந்ததாகப் பின்னாளில் அவர் கூறினார். இன்னும் எதையாவது சேர்க்கத் துடிக்கும் கையை மடக்கி, இடம் விட்டு விலகி நிற்பது இருக்கிறதே, உள்முகப் பயணம் என்று நான் கருதுவது அதைத்தான்.

நூலில் பார்த்ததை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பின்னர் அவர் வரைந்த படங்களுள் ஒன்று ஐந்து மீட்டருக்கும் மேல் அகலமானது. 1951-இல் நடந்த கண்காட்சியில், பெரிய படங்களை அருகில் நின்று பார்க்க வேண்டும் என்று அவரே அறிவிப்பு எழுதி வைத்தார். அவ்வளவு அருகில் நின்றால் படத்தின் ஓரங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். சிவப்பும் நாமும் மட்டுமே மிஞ்சுவோம்.

கேள்வி: உருவம் செய்யக் கூடாது என்ற கட்டளையால்தான் யூத ஓவியர்கள் அரூப ஓவியத்துக்கு வந்தார்களா?
– வாசகர், ஆற்காடு

பதில்: அப்படிச் சுருக்கிவிட முடியாது. சிரியாவின் பழைய நகரமான தூரா யூரோப்போஸில் கண்டெடுக்கப்பட்ட 3-ஆம் நூற்றாண்டு யூதத் தொழுகைக்கூடத்தின் சுவர்கள் முழுவதும் மோசே முதலானோரின் உருவங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. யூத ஓவியர் மார்க் ஷாகலும் உருவங்களையே வரைந்தார். மறுபுறம், சிறுவயதில் யூத சமயப் பள்ளியில் பயின்ற அரூப ஓவியர் மார்க் ராத்கோ, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத் தியான மண்டபத்துக்குக் கருமை படர்ந்த 14 ஓவியங்களைத் தீட்டினார். 1971-இல் மண்டபம் திறக்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. கூரை வழியே இறங்கும் வெளிச்சம் மாற மாற, முதலில் வெறும் கறுப்பாகத் தெரியும் அப்பரப்புகளுக்குள்ளிருந்து ஊதாவும் அரக்குச் சிவப்பும் மெல்ல எழுந்து வரும்.