முதல் திருத்தத்தை எங்கே தொடங்குவது?

கேள்வி: கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஆசை. ஆனால், லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரலைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முழு நிரலும் புரிந்த பிறகுதான் கைவைக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள், பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கும் தாம் புழங்கும் பகுதிதான் நன்கு தெரியும். அன்றாடம் நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளையே தேர்ந்தெடுத்தால், அதன் குறைகள் ஏற்கெனவே உங்களுக்குப் பழகியிருக்கும். எடுத்துக்காட்டாக, ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010இல் பிரிந்து வளர்ந்த லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருள், புதியவர்களுக்கென்றே சிறு பணிகளை ‘ஈஸி ஹேக்ஸ்’ என்ற பெயரில் தனியே குறித்து வைத்திருக்கிறது. மூல நிரலைப் பதிவிறக்கி, உங்கள் கணினியிலேயே தொகுத்து (கம்பைல் செய்து) இயக்கிப் பார்ப்பதுதான் முதல் வேலை. பழைய கணினியில் இதற்கே பல மணி நேரம் ஆகலாம் என்பதால், பொறுமை இங்கேதான் மிகவும் தேவைப்படும்.

பிறகு ஒரே ஒரு பணியை எடுத்துச் சரிசெய்து, ‘கெரிட்’ என்னும் மதிப்பாய்வுத் தளத்துக்கு அனுப்புங்கள். அங்கே மூத்த நிரலாளர் குறைகளைச் சுட்டித் திருப்பி அனுப்பினால், அதை நிராகரிப்பு என்று எண்ண வேண்டாம். முன்பின் அறியாத ஒருவருடைய நிரலை வரி வரியாகப் படித்துச் சொல்லித்தருகிறார் என்பதே அதன் பொருள், அத்தகைய பயிற்சி வகுப்பறையில் எளிதில் கிடைப்பதில்லை. நிரல் எழுதத் தயக்கம் நீடித்தால், ‘வெப்லேட்’ தளத்தில் லிப்ரே ஆபீஸின் தமிழ் மொழிபெயர்ப்பில் சேரலாம். அதுவும் முழுமையான பங்களிப்பே.